கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு உயிரினப் பேரழிவைப் படிப்பது எப்படி? பாசியிலிருந்து தொடங்குவோருக்கு

உங்கள் வீட்டுச் சமையலறையில் கடப்பாக்கல் அடுக்கு இருந்தால், யார் கண்ணிலும் படாத ஓரமாகப் பார்த்து அரை எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். துடைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் மினுமினுப்பு போய் வெளுத்திருக்கும். அதே பழத்தை அடுப்பு மேடைக் கிரானைட்டில் தேய்த்தால் ஒன்றும் ஆகாது. கடப்பாக்கல் ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புச் சேறு, அதனால் புளிப்பு பட்டால் கரைகிறது. நம் ஊர்க் கிரானைட் பூமிக்குள் வெந்து இறுகிய கல். ஒன்றில் உயிர்களின் தடம் இருக்க வாய்ப்பு உண்டு, இன்னொன்றில் தேடுவது வீண். அம்மாவோ மனைவியோ திட்டினால் நான் பொறுப்பில்லை, ஆனால் இந்த வேலையில் முதல் பாடம் இதுதான்.

பேரழிவு, அதாவது ஏராளமான உயிரினங்கள் ஒரே காலத்தில் அழிந்துபோவது, என்றதும் எல்லோருக்கும் டைனோசர்தான் ஞாபகம் வருகிறது. எலும்பை வைத்துப் பேரழிவைப் படிப்பது ரொம்பக் கஷ்டமான வேலை. ஒரு மலையையே சல்லடை போட்டாலும் கிடைப்பது நாலு எலும்புதான், அந்த நாலை வைத்துக்கொண்டு ‘இந்த அடுக்கு வரை இருந்தது, அதற்கு மேல் இல்லை’ என்று அடித்துச் சொல்ல முடியாது. பாசியும் ஒற்றைச் செல் உயிர்களும் அப்படி இல்லை. நல்ல கடல் சேற்றில் ஒரு டீஸ்பூன் எடுத்தால் அதில் லட்சக்கணக்கில் கிடக்கும். கிடைப்பதை எண்ணலாம், பழைய கீழ் அடுக்கோடு புதிய மேல் அடுக்கை ஒப்பிடலாம். பேரழிவு என்பது ஒரு அழகான ஃபாசிலில் இல்லை, எண்ணிக்கையில்தான் இருக்கிறது. எண்ணப் பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை சரிவராது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில், நம் ஊர்க் கல்லை ஒதுக்கி வைப்பது

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் குவாரிகளுக்குப் பஞ்சமில்லை, கல்லைப் பார்க்காமல் பத்து கிலோமீட்டர் போக முடியாது. அதனால் புதிதாக ஆர்வம் வந்தவர்கள் முதலில் போவது குவாரிக்குத்தான். போகலாம், ஆனால் ஃபாசில் கிடைக்காது. இங்கே அடித்தளமாக இருப்பது நைஸ், சார்னொக்கைட் வகைக் கற்கள், சுமார் 250 கோடி ஆண்டுகள் பழையவை, ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. அவற்றுக்கு நடுவே சுவர் மாதிரி ஓடும் கருப்புக் கல், ஏற்றுமதிக்குப் போகிறதே அந்தக் கருப்பு கிரானைட், அது டாலரைட். அதுவும் குழம்பாக ஏறி உறைந்ததுதான், அதிலும் ஒன்றும் இருக்காது. 250 கோடி ஆண்டுக்கு முன் பூமியில் நுண்ணுயிர்கள் இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தன. ஆனால் நம் கல் பட்ட பாட்டில் அவற்றின் உருவம் எதுவும் மிஞ்சவில்லை.

ஏமாறும் இடங்கள் மூன்று, மூன்றிலும் நான் ஏமாந்திருக்கிறேன். முதலாவது, கல் பிளக்கும்போது உள்பக்கத்தில் தெரியும் பெரணிச் செடி போன்ற கருப்புக் கிளைகள். குவாரி மேஸ்திரி ஒருவர் ஆசையாக எடுத்துவைத்துக் கொடுத்தார், நானும் துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு ஒரு புவியியல் ஆசிரியரிடம் போனேன். அவர் கண்ணாடியைக்கூடப் போடாமல், “தம்பி, இது செடி இல்லப்பா, மாங்கனீசு. வெடிப்புல தண்ணி இறங்குனா இப்படித்தான் கிளை விடும்” என்றார். இரண்டாவது, வயலில் கிடைக்கும் சுக்கான்கல். எலுமிச்சையோ வினிகரோ விட்டால் நுரைக்கும், ஆனால் அது மண்ணுக்குள்ளேயே சுண்ணாம்பு திரண்டு உண்டான கட்டி, கடலில் இருந்து வந்ததில்லை.

மூன்றாவதுதான் பெரிய ஏமாற்று. ஊத்தங்கரைப் பக்கம் சாமல்பட்டியில் ஒரு வெளிறிய கல் இருக்கிறது, வினிகர் விட்டதும் சுறுசுறுவென்று பொங்குகிறது. நம் ஊரில் கடல் சுண்ணாம்புக்கல் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு வாரம் தூக்கமில்லாமல் திரிந்தேன். அது கார்பனடைட். பூமியின் ஆழத்தில் இருந்து குழம்பாகவே வந்த சுண்ணாம்பு. உலகத்தில் அபூர்வமான கல், ஒகேனக்கல் பக்கமும் உண்டு, புவியியல் படிப்பவர்கள் எங்கிருந்தெல்லாமோ தேடி வருகிறார்கள், ஆனால் அதில் ஒரு பாசியும் கிடையாது. நுரைத்தால் சுண்ணாம்பு, அவ்வளவுதான் அர்த்தம். கடல் என்று அர்த்தமில்லை.

கருவி வாங்குவது

இதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். கல்லூரி மாணவர்கள் பயன்படுத்தும் சாதாரண நுண்ணோக்கி போதும், 4, 10, 40 லென்ஸ்களோடு எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 லென்ஸும் இருக்க வேண்டும். பழையது கிடைத்தால் வாங்கலாம், லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். போனைக் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் மேல் வைத்தே படம் எடுத்துவிடலாம்.

அளவு மட்டும் மனதில் இருக்கட்டும். ஃபோரம் என்று சுருக்கமாகச் சொல்கிற ஃபொராமினிஃபெரா, ஓடு கட்டி வாழும் ஒற்றைச் செல் உயிர், பெரும்பாலும் கேழ்வரகு மணியில் கால் பங்கோ அரைப் பங்கோ இருக்கும், 40 மடங்கு பெருக்கினாலே நன்றாகத் தெரியும். டயட்டம் என்பது கண்ணாடி ஓடு உள்ள பாசி, அதற்கு 400 மடங்கு வேண்டும். காக்கோலித் என்பது சிலவகைக் கடல் பாசி தன் உடம்பின் மேல் சட்டை பொத்தான் மாதிரி ஒட்டவைத்துக்கொள்ளும் சுண்ணாம்புத் தகடு. அது சில மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), தலைமுடியின் தடிமனில் பத்துப் பதினைந்து தகடுகளை அடுக்கிவிடலாம். அதற்கு 1000 மடங்கும், மேலும் கீழும் இரண்டு போலராய்டு தாளும் வேண்டும். குறுக்காகத் திருப்பினால் இருட்டில் ஒவ்வொரு தகடும் நடுவில் கருப்புச் சிலுவையோடு மின்னும். வெளிநாட்டுக் குறிப்புகளில் சாக்பீஸைச் சுரண்டிப் பார்த்தால் காக்கோலித் தெரியும் என்று எழுதியிருப்பார்கள். நம் ஊர் சாக்பீஸ் ஜிப்சத்தில் செய்தது, அதைச் சுரண்டிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உயிரோடு இருப்பதை முதலில் எண்ணுங்கள்

செத்ததைப் படிக்கும் முன் இருப்பதைப் படிக்க வேண்டும். நம்மிடம் அதற்கு இடம் இருக்கிறது. கே.ஆர்.பி. அணையில் கரையோரக் கல்லில் கால் வைத்தால் வழுக்குமே, அந்தப் பழுப்புப் பூச்சுதான் நமக்கு வேண்டியது. பச்சையாக நூல் நூலாக இருப்பதை விட்டுவிடுங்கள். பழைய பல்துலக்கியால் ஐந்தாறு கல்லைத் தேய்த்து ஒரு டப்பாவில் தண்ணீரோடு வழித்துக்கொள்ளுங்கள். ஏரி, கிணற்றுப்படி, தென்பெண்ணை ஓடும் எந்த இடமும் சரி, ஆனால் வழுக்கல் உள்ள கரையில் தனியாக இறங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்து அதில் ஒரு ஸ்பூன் எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை இரண்டு பங்கு சேர்த்து, மூடியை இறுக்காமல் வெயிலில் வைத்துவிடுங்கள். ஆய்வுக்கூடத்தில் வீரியமான அமிலத்தில் கொதிக்க வைப்பார்கள், அது வீட்டில் செய்கிற வேலையில்லை. நம் வெயிலுக்கு மூன்று நான்கு நாளில் பழுப்பு வெளுத்து, அடியில் சாம்பல் போலப் படிந்துவிடும். மேல் தண்ணீரை மெதுவாக வடித்து, நல்ல தண்ணீர் ஊற்றி, அரை நாள் விட்டு மறுபடி வடித்து, இப்படி ஐந்து முறை. போர்வெல் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும், கேன் தண்ணீர் போதும். கடைசியில் ஒரு சொட்டை மெல்லிய மூடுகண்ணாடியில் விட்டு, தூசு விழாமல் தானாகக் காய விட்டு, கண்ணாடித் துண்டின் மேல் கவிழ்த்து வைத்து ஓரத்தில் நகப்பூச்சு தடவிவிட்டால் வேலை முடிந்தது.

இப்போது பாருங்கள். படகு மாதிரி ஒன்று, ஊசி மாதிரி ஒன்று, காசு மாதிரி வட்டமாக ஒன்று, பாதி சந்திரனாக ஒன்று. ஓட்டின் மேல் வரிவரியாகப் பிடித்த கோடுகள், கோலப்பொடி டப்பாவின் துளைகள் போல வரிசை பிசகாமல் இருக்கும். முதல் நாள் நான் எண்ணவே இல்லை, ராத்திரி இரண்டு மணி வரை வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்களும் முதல் நாள் எண்ண வேண்டாம்.

இரண்டாம் நாள் எண்ணுங்கள். கண்ணாடியின் ஒரு ஓரத்தில் தொடங்கி நேர்கோட்டில் நகர்த்தி, வழியில் வரும் ஒவ்வொன்றையும் வடிவ வாரியாகக் கோடு போட்டு, 300 வரும்வரை. அழகாக இருப்பதை மட்டும் எண்ணக்கூடாது, உடைந்தது பாதிக்கு மேல் இருந்தால் ஒன்றாகக் கணக்கு. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, ‘படகு-1’, ‘ஊசி-2’ என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பெயர் பிறகு வரும். எண்ணி முடித்த தாளைப் பத்திரமாக வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி எடுங்கள். சித்திரையில் தண்ணீர் வற்றிக் கெட்டு நாறும்போது நான் எடுத்த குடுவையில் பாதிக்கு மேல் ஒரே வகைதான், நிட்சியா என்ற ஊசி வகை. அதில் சில இனங்கள் சாக்கடை கலந்த நீரிலும் செழிப்பவை. ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்ததில் வகை ஏறியிருந்தது, எந்த ஒன்றும் ஆதிக்கம் செய்யவில்லை. அணை ‘கெட்டிருந்தது’ என்று யாரும் சொல்லாமலே அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது. பழைய அடுக்குகளைப் படிப்பதும் இதே வேலைதான், ஆறு மாதத்துக்குப் பதில் ஆறு லட்சம் ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேரழிவு எண்ணிக்கையில் எப்படித் தெரியும்

6.6 கோடி ஆண்டுக்கு முன் நடந்ததை எடுத்துக்கொள்வோம், நன்றாகத் தெரிந்தது அதுதான். இத்தாலியில் குப்பியோ என்ற ஊர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு நடுவே ஒரு மெல்லிய களிமண் பட்டை. அதில் இரிடியம், பூமியின் மேற்பரப்பில் அபூர்வமாகவும் விண்கல்லில் அதிகமாகவும் உள்ள உலோகம், அளவுக்கு மீறி இருப்பதைக் கண்டு, விண்கல் விழுந்திருக்க வேண்டும் என்று லூயிஸ் ஆல்வரெஸும் மகன் வால்ட்டரும் கூட்டாளிகளும் 1980-ல் எழுதினார்கள். அந்த விண்கல் விழுந்த இடமான மெக்சிகோவின் சிக்சுலுப் பள்ளம் அடையாளம் காணப்பட்டது அதற்குப் பிறகுதான். எல்லோரும் இரிடியத்தையே பேசுகிறார்கள், ஆனால் அதே பட்டையில் உயிர்கள் பக்கத்துக் கதை ஃபோரத்திலும் காக்கோலித்திலும்தான் எழுதியிருக்கிறது. பட்டைக்குக் கீழே பெரியதும் சிறியதுமாகப் பல வகை ஃபோரங்கள், மேலே போனால் பொடிப்பொடியாகச் சில. காக்கோலித் போர்த்திய பாசிகளில் பத்தில் ஒன்பது இனம் போய்விட்டது.

போனதைவிட, வந்தது யார் என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். நம் பக்கம் மானாவாரி நிலத்தை இரண்டு வருஷம் தரிசாகப் போட்டால் என்ன ஆகும்? பார்த்தீனியம் வரும், உன்னிச்செடி வரும், அப்புறம் வேறு எதையும் காண முடியாது. கடலிலும் அதே கதைதான். பட்டைக்கு மேலே ப்ராருடோஸ்ஃபேரா என்று ஒரு பாசி திடீரென்று குவிகிறது. ஐந்து பக்கத் தகடுகள் பன்னிரண்டைச் சேர்த்துப் பந்து மாதிரி உடம்பைப் போர்த்திக்கொள்ளும் பாசி அது, நுண்ணோக்கியில் ஒரு தடவை பார்த்தால் மறக்காது. கூடவே தோரகோஸ்ஃபேரா என்ற சுண்ணாம்பு உருண்டை, ஃபோரத்தில் குவெம்பெலிட்ரியா என்ற பொடி வகை. அடுக்கில் இந்த மாதிரித் தரிசுநிலக் கும்பலைக் கண்டால் அதற்குக் கீழே ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று பொருள். ப்ராருடோஸ்ஃபேராவின் ஒரு இனம் இன்னும் உயிரோடு இருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் ஓர் உறுப்பே அதன் செல்லுக்குள் இருக்கிறது என்று 2024-ல் கண்டுபிடித்தார்கள், அதுவரை உட்கரு உள்ள செல் எதிலும் அப்படி ஒன்று தெரிந்ததில்லை.

தப்பியது யார் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. விண்கல் கிளப்பிய தூசியும் புகையும் வெளிச்சத்தை மறைத்தால் வெயிலை நம்பி வாழும் பாசி என்ன செய்யும்? தப்பிய காக்கோலித் பாசிகளின் சட்டையில் சாட்டை போன்ற இழை வெளியே வரத் துளை இருந்தது, அதாவது நீந்தி, பாக்டீரியாவைப் பிடித்துத் தின்று இருட்டைக் கடந்திருக்க வேண்டும் என்று 2020-ல் ஓர் ஆய்வு காட்டியது. டயட்டங்களுக்கு அடி குறைவு. நிலைமை கெட்டால் கெட்டியான விதை மாதிரி ஆகி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் பழக்கம் அவற்றில் பலவற்றுக்கு உண்டு, அது கைகொடுத்திருக்கலாம். நம் ஏரி வற்றி மறுபடி நிரம்பினால் பாசி எங்கிருந்து வருகிறது என்று யோசித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

எல்லாப் பேரழிவும் ஒரே மாதிரி தடம் விடுவதில்லை. 25.2 கோடி ஆண்டுக்கு முன், பெர்மியன் என்ற காலத்தின் முடிவில் நடந்ததுதான் இருப்பதிலேயே பெரியது. அதற்குப் பிந்தைய அடுக்குகளில், சீனா, துருக்கி, ஈரான் என்று பல இடங்களில் கடலடி முழுக்க நுண்ணுயிர்ப் பாய்கள் கட்டிய கல் மேடுகள் மறுபடி தலைகாட்டுகின்றன. மேய்ந்து தின்ன நத்தையும் மற்றதும் குறைந்துபோனதும், கடல் நீரின் தன்மை மாறியதும் காரணமாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் சிட்னிப் பக்கத்து அடுக்குகளில் நன்னீர் நிலைகளே பச்சைக் கூழாகிப் பாசியும் பாக்டீரியாவும் மண்டியதற்கான தடம் இருப்பதை 2021-ல் எழுதினார்கள். கோடையில் நம் ஏரி பச்சைப் பெயின்ட் ஊற்றியது போல ஆகி மீன் மிதந்ததைப் பார்த்தவர்கள் அந்தக் காட்சியைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கிக்கொள்ளலாம்.

உருவமே இல்லாமல் வேதிப்பொருளாக மட்டும் மிஞ்சுவதும் உண்டு. ஐசோரெனியராடேன் என்ற மூலக்கூறு கல்லில் கிடைத்தால், அங்கே பச்சைக் கந்தக பாக்டீரியா வாழ்ந்தது என்று அர்த்தம். அதற்கு வெயிலும் வேண்டும், ஆக்சிஜனே இல்லாத, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கந்தக நீரும் வேண்டும். அதாவது கடலில் வெயில் எட்டும் ஆழம்வரை நஞ்சு ஏறியிருந்தது. சீனாவில் மெய்ஷான் அடுக்கில், பெர்மியன் முடிவில், இது கிடைத்திருக்கிறது. வீட்டில் செய்ய முடியாத சோதனைதான், ஆனால் கட்டுரைகளில் இந்தப் பெயர் வந்தால் இனிமேல் முழிக்க மாட்டீர்கள்.

உருவம் கோணுவது இன்னொரு தடம். லிபியாவில் தோண்டிய துளை ஒன்றிலிருந்து எடுத்த சிலூரியன் காலச் சேற்றில், கைட்டினோசோவா என்ற குடுவை வடிவ நுண்ணெச்சங்கள் இரட்டையாக ஒட்டியும் கோணலாகவும் இருந்தன, கூடவே அவற்றில் ஈயம் போன்ற உலோகங்கள் ஏறியிருந்தன என்று 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. உங்கள் அணை டயட்டத்திலும் கோணல் ஓடுகள் தட்டுப்பட்டால் தனியாகக் குறித்து வையுங்கள். உலோகக் கழிவு உள்ள நீரில் அது கூடும்.

எண்ணும்போது சறுக்கும் இடங்கள்

நம் ஊரில் இதை மாங்காய் மண்டியை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பெங்களூரா லாரி லாரியாக வரும், மல்கோவா நாலு கூடை வரும். நீங்கள் வாரத்துக்கு ஒருமுறைதான் மண்டிக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். சீசன் ஒரே நாளில் முடிந்தால்கூட, பெங்களூராவைக் கடைசி வாரம்வரை பார்த்திருப்பீர்கள். மல்கோவாவைக் கடைசியாகப் பார்த்தது மூன்று வாரம் முன்பாக இருக்கும். நோட்டைப் பார்த்து ‘மல்கோவா முதலில் நின்றது, பெங்களூரா பிறகு நின்றது’ என்று எழுதினால் தப்பு. அபூர்வமான இனம் உண்மையில் அழிந்ததற்கு முன்பே அழிந்தது போலக் காட்டும் இந்த ஏமாற்றை 1982-ல் சினோர், லிப்ஸ் என்ற இருவர் எடுத்துச் சொன்னார்கள். திடீர் அழிவு படிப்படியான அழிவு மாதிரி தெரிவது இதனால்தான். இதற்கு மருந்து, நெருக்கமாக எடுப்பதும் அதிகமாக எண்ணுவதும்.

அடுத்து, ‘இல்லை’ என்பதை நம்பாதீர்கள். சுண்ணாம்பு ஓடு அமில நீரில் கரைந்துவிடும், எலுமிச்சை பட்ட கடப்பாக்கல் ஞாபகம் இருக்கட்டும். 18.3 கோடி ஆண்டுக்கு முன் ஜுராசிக் காலத்தில் பூமி சூடேறியபோது காக்கோலித் பாசிகள் அடியோடு குறைந்துவிட்டன என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார்கள். 2022-ல் சிலர் அதே அடுக்கின் மகரந்தத் துகள்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், தகடுகளின் அச்சு மட்டும் முத்திரை குத்தியது போல நிறையப் பதிந்திருக்கிறது. தகடு கரைந்துபோனது, அச்சு மிஞ்சியது. பாசி சாகவில்லை, அதன் சாட்சிதான் அழிந்தது.

இதற்கு நேரெதிர், வெள்ளத்தில் பழைய அடுக்கு அரிபட்டு அதன் ஃபாசில் புதிய சேற்றில் போய்ச் சேர்வது. அடுக்கு கலைந்த இடத்தில், மற்றவற்றைவிடத் தேய்ந்தும் நிறம் மாறியும் இருப்பது தட்டுப்பட்டால் சந்தேகப்படுங்கள்.

அரியலூருக்கு ஒரு பயணம்

இவ்வளவும் பழகிய பிறகுதான் வண்டி எடுக்க வேண்டும். சேலம், ஆத்தூர், பெரம்பலூர் வழியாகப் போகலாம், வைகாசியில் போகாதீர்கள், நிழலே கிடையாது. வாரணவாசியில் உள்ள ஃபாசில் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டால் எதைத் தேடுகிறோம் என்று கண்ணுக்குப் பழகும். காரை என்ற ஊர்ப் பக்கம் அரித்து ஓடைகளாகக் கிடக்கும் களிமண் நிலம், சுமார் 11 கோடி முதல் 9 கோடி ஆண்டு பழைய கடலடி. கடலில் ஆக்சிஜன் வற்றிய ஒரு நெருக்கடி 9.4 கோடி ஆண்டுக்கு முன் நடந்தது, அந்தக் காலமும் இந்தக் களிமண் வரிசைக்குள் அடங்கும். துப்பாக்கித் தோட்டா மாதிரி பெலம்னைட்டுகள், கணவாயின் பழைய உறவுக்கார உயிர்களின் எச்சம், காலில் தட்டும், எல்லோரும் அதைப் பார்த்ததும் மயங்கிவிடுவார்கள். நமக்கு வேண்டியது களிமண். மேல்தோலை ஒரு சாண் தோண்டி எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதில் ஒரு கைப்பிடி போதும். பட்டா நிலமாக இருந்தால் உரிமையாளரைக் கேளுங்கள், சிமென்ட் சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் காலே வைக்காதீர்கள், வெடி வைப்பார்கள். பாதுகாக்கப்பட்ட இடத்தில் படம் மட்டும் எடுங்கள்.

6.6 கோடி ஆண்டு எல்லைக்கோட்டைக் கையால் தொடலாம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். இங்கே கல்லமேடு அடுக்கு தரையில் படிந்தது, டைனோசர் எலும்பு கிடைத்தது அதில்தான். அதற்கு மேல் நின்னியூர் அடுக்கு கடல், அது எல்லைக்கு அந்தப் பக்கம். கோடு முழுதாகப் பதிவாகவில்லை. நின்னியூரில் எனக்குப் பிடித்த சேதி வேறு. நம் நாட்டுப் புவியியலாளர் எல். ராமராவும் ஆஸ்திரியாவின் யூலியஸ் பியாவும் 1936-ல் அங்கிருந்த சுண்ணாம்புப் பாசிகளை விவரித்து எழுதியபோது, அந்த அடுக்கை டைனோசர் காலத்தின் கடைசிப் படி என்றே தலைப்பில் போட்டிருந்தார்கள். பிறகுதான் அது அழிவுக்குப் பிந்தைய டேனியன் காலம் என்று நிலைபெற்றது. பாசி மாறவில்லை, அது நின்ற பக்கம்தான் மாறியது. எல்லையையே பார்க்க வேண்டும் என்றால் மேகாலயாவில் உம் சோரிங்க்யூ ஆற்றங்கரைக்குப் போக வேண்டும், பெர்மியன் எல்லைக்கு ஸ்ரீநகர் பக்கம் குர்யுல் பள்ளத்தாக்கு. பக்கத்திலேயே ஏதாவது பார்க்க ஆசை என்றால் கடப்பா மாவட்டத்தில் வேம்பள்ளி அடுக்கின் ஸ்ட்ரோமடோலைட்டுகள் இருக்கின்றன, நுண்ணுயிர்ப் பாய்கள் கட்டிய கல், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியது போல வளையம் வளையமாக. அதற்கு நுண்ணோக்கியே வேண்டாம்.

களிமண்ணை என்ன செய்வது? நன்றாகக் காய வைத்து, வாஷிங் சோடா கலந்த வெந்நீரில் ஒரு ராத்திரி ஊற விடுங்கள். காய வைக்காமல் ஊறவைத்தால் கரையாது, இதுதான் எல்லோரும் விடும் தவறு. காலையில் பால் மாதிரி ஆனதை 63 மைக்ரான் சல்லடையில் ஊற்றி, மெல்லிய தண்ணீரில், விரலால் தேய்க்காமல் கழுவ வேண்டும். சல்லடை விலை அதிகம் என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் நைலான் வலைத்துணி கேளுங்கள், கண்ணளவை மைக்ரானில் கேட்டு வாங்கி, அடி வெட்டிய பிளாஸ்டிக் டப்பாவில் கட்டிக்கொள்ளலாம். கழுவிய தண்ணீரைப் பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் ஊற்றாதீர்கள். நான் ஊற்றினேன், குழாய் அடைத்து, பிளம்பருக்கு அழுதேன். வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள். சல்லடையில் நின்ற மணலைக் காய வைத்துக் கருப்புத் தாளில் மெல்லிசாகத் தூவி, ஈரம் தொட்ட மெல்லிய தூரிகை நுனியால் ஒவ்வொரு ஃபோரமாக ஒற்றி எடுக்க வேண்டும். இதிலும் 300. அடுத்த மாதிரிக்குப் போகும் முன் வலைத்துணியை நீலமையில் நனைத்து அலசுங்கள், முந்தைய மாதிரியிலிருந்து ஒட்டிக்கொண்டது நீலமாகத் தெரிந்துவிடும், அதை எண்ணாமல் விடலாம்.

பெயர் கண்டுபிடிக்க முடியாமல் திணறினால் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் புவியியல் துறை இருக்கிறது, அளவுகோல் போட்ட நல்ல படங்களோடு மரியாதையாகக் கேட்டால் உதவுபவர்கள் கிடைப்பார்கள். தாவர, பாசி ஃபாசில்களுக்கென்றே லக்னோவில் பீர்பால் சாஹ்னி பெயரில் நிறுவனம் 1946-லிருந்து இருக்கிறது, அவர்கள் வெளியீடுகளைத் தேடிப் படிக்கலாம்.

கடைசியாகக் குடுவைக்குப் பெயர் எழுதுவது. இடம், தேதி, எந்த அடுக்கு, அடையாளக் கல்லில் இருந்து எத்தனை சாண் மேலே என்று எல்லாவற்றையும் பென்சிலால் காகிதத்தில் எழுதி, குடுவையின் உடம்பில் டேப் போட்டு ஒட்டுங்கள். பேனா மை பெராக்சைடு பட்டால் போய்விடும். மூடியில் மட்டும் எழுதாதீர்கள். காரையில் எடுத்த ஆறு குடுவையையும் ஒரே நேரத்தில் திறந்து, மூடிகளை மட்டும் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன், திரும்பி வந்தால் பக்கத்து வீட்டுப் பையன் உதவி செய்வதாக எல்லா மூடியையும் மூடி அழகாக வரிசையாக அடுக்கி வைத்திருந்தான்.